மேடம் சியாங் கை ஷேக்: செல்வாக்கா, மொழிபெயர்ப்பு வேலையா?

திருவல்லிக்கேணி மாணவி:
எம்.ஏ. வரலாறு செமினாருக்காகக் கேட்கிறேன். சீனத் தலைவர் சியாங் கை ஷேக்கின் மனைவி சூங் மெய்லிங்குக்கு, அமெரிக்காவில் படித்ததால்தான் அரசியல் செல்வாக்கு வந்தது என்று எழுதினால் நிற்குமா? கணவருக்கு மொழிபெயர்த்தவர், அவ்வளவுதான் என்கிறார் வகுப்புத் தோழி.

கோட்டூர்புரம் வாசகர்:
"அவ்வளவுதான்" சரியில்லைம்மா. சியாங்குக்கு ஆங்கிலம் வராது. 1943 நவம்பரில் கெய்ரோ மாநாட்டில் மொழிபெயர்ப்பாளர் தனியாக இருந்தும், கணவர் சொன்னதன் முழுப் பொருள் வரவில்லை என்று மெய்லிங்கே குறுக்கிட்டுத் திருத்தினார். பிரிட்டிஷ் தளபதி ஆலன் புரூக் இதைப் பதிந்திருக்கிறார். எதை அழுத்துவது, எதை மென்மையாக்குவது என்ற முடிவு யார் கையில் இருந்தது, பாருங்கள். பதவியும் இருந்தது: 1936இல் விமானப்படை ஆணையத்தின் பொதுச்செயலாளர். மறு ஆண்டு அமெரிக்க விமானி செனால்ட் சீனா வந்தது இவர் ஏற்பாட்டில்தான். 1936 டிசம்பர் 12 அன்று சீன நகரமான சியானில் சியாங் சிறைபிடிக்கப்பட்டபோது, அந்நகர்மீது படையெடுக்கத் துடித்த அரசுத் தரப்பினரைத் தடுத்து, 22ஆம் தேதி தானே பறந்து போனார். 25ஆம் தேதி விடுதலை.

மயிலை:
பலர் சறுக்கும் இடம் ஒன்று. 1943 பிப்ரவரி 18 அன்று அவர் பேசியது அமெரிக்க நாடாளுமன்றத்தின் கூட்டுக் கூட்டத்தில் அல்ல. செனட்டிலும் பிரதிநிதிகள் சபையிலும் தனித்தனியாக. அந்த டிசம்பரில் அமெரிக்காவின் சீனர் குடியேற்றத் தடைச் சட்டம் ரத்தானதை அவர் பேச்சின் பலன் என்று மட்டும் எழுதாதீர்கள். கூட்டாளி நாட்டு மக்களுக்கே தடை என்பதை ஜப்பான் பிரசாரமாக்கியது. அந்த நெருக்கடி பெரிது. ரத்துக்குப் பிறகும் ஆண்டுக்கு 105 பேருக்குத்தான் இடம்.

1948 இறுதியில் உதவி கேட்டு மறுபடி அமெரிக்கா போனார். அதிபர் ட்ரூமன் அசையவில்லை. அதே ஆள், அதே ஆங்கிலம். போர்க்காலத்தில் அமெரிக்காவுக்குச் சீனா தேவைப்பட்டது, அதனால் பேச்சு எடுபட்டது. உங்கள் கட்டுரையின் முதுகெலும்பு இந்த ஒப்பீடுதான்.

தரமணி:
படிப்பு மட்டுமே காரணம் என்றால் அக்கா சிங்லிங்கை என்ன செய்வீர்கள்? சகோதரிகள் மூவருமே அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வெஸ்லியன் கல்லூரிக்குப் போனவர்கள்; மெய்லிங் பிறகு வெல்லெஸ்லி கல்லூரிக்கு மாறி 1917இல் பட்டம் பெற்றார். சீனக் குடியரசின் நிறுவனர் சுன் யாட்-சென்னை மணந்த சிங்லிங், சியாங்கை எதிர்த்த கம்யூனிஸ்டுகள் பக்கம் நின்றார். படிப்போடு திருமணம், நிதியமைச்சரான அண்ணன் டி.வி. சூங், குடும்பப் பணம் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

1942 பிப்ரவரி இந்தியப் பயணத்தையும் விடாதீர்கள். கல்கத்தாவில் காந்தியைச் சியாங் சந்தித்தபோது இவரும் உடனிருந்தார். ரோஜா முத்தையா நூலகத்தில் அந்த ஆண்டின் பிப்ரவரி, மார்ச் தமிழ் இதழ்களைக் கேட்டுப் பாருங்கள்.