நடை கிளிப்பும் உட்காரும் கிளிப்பும்: கோஸ்ட் வைத்துச் சேர்த்த அனுபவம்

மாயா என்ற 3டி அனிமேஷன் மென்பொருளில், அசைவுத் துண்டுகளை (கிளிப்) அடுக்கிச் சேர்க்கும் டைம் எடிட்டர் 2017 பதிப்பில் வந்தது. அதில் கிளிப்பின் போஸை நிழல்போலக் காட்டும் கோஸ்ட் என்ற வசதி இருப்பதைப் பலரும் கண்டுகொள்வதில்லை. எனக்கு அது கைகொடுத்த இடத்தைச் சொல்கிறேன்.

ஒருவன் நடந்துவந்து நாற்காலியில் உட்கார வேண்டும். நடை ஒரு கிளிப், உட்காருவது இன்னொரு கிளிப், இரண்டுமே மோகாப் (நடிகரின் அசைவைப் பதிவுசெய்து எடுத்தது). ஒவ்வொரு கிளிப்பிலும் ஆள் வேறு இடத்தில், வேறு திசை பார்த்துத் தொடங்குவான். டைம்லைனில் பட்டைகளை ஒட்டி வைத்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஓட்டினால் ஆள் நாற்காலியை விட்டுவிட்டு எங்கோ தாவிப் போய் உட்காருவான்.

இடுப்பு எலும்பை கோஸ்டுக்கு ரூட்டாக (தொடக்க எலும்பாக) கொடுத்ததும், கிளிப்பின் போஸ் கோடுகளாலான எலும்புக்கூடாக வியூபோர்ட்டில் (காட்சி தெரியும் சாளரத்தில்) வந்து நின்றது. எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறான் என்று ஓட்டிப் பார்க்காமலே தெரிந்தது. கிளிப்பை முழுதாக இடம் மாற்றும் ரிலொகேட்டரை வைத்து உட்காரும் கிளிப்பை நகர்த்தினேன். இடுப்பைப் பொருத்தினால் திசை சரியாகிவிடும், ஆனால் கால் வழுக்கும். தரையில் ஊன்றிய பாதத்தைப் பொருத்துவதே மேல்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் கண்ணில் பட்டது. நடை முடியும்போது இடது கால் முன்னால்; உட்காரும் கிளிப் வலது காலில் தொடங்குகிறது. இதை எந்த பிளெண்டும் (ஒரு கிளிப்பை அடுத்ததில் கரைத்துச் சேர்ப்பதும்) காப்பாற்றாது, கால்கள் ஒன்றையொன்று ஊடுருவிப் போகும். நொடிக்கு 24 ஃபிரேமில் சாதாரண நடைக்கு ஓர் எட்டு (ஒரு காலடி) 12 ஃபிரேம் என்பது கணக்கு. நடை கிளிப்பின் வாலில் ஓர் எட்டை வெட்டியதும் கால் மாறிப் பொருந்தியது.

*

மேலே எழுதியவர் மாயாக்காரர்; நான் பிளெண்டர் (இன்னொரு 3டி மென்பொருள்) ஆள். அதில் ஆர்மெச்சருக்கு (எலும்புக்கூட்டுக்கு) இருந்த கோஸ்டை 2019இல் வந்த 2.80 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். மோஷன் பாத் இருக்கிறது, ஆனால் அது போன தடத்தைக் காட்டுமே தவிர போஸைக் காட்டாது. அதனால் ரிக்கையே (ஆளை அசைக்கும் எலும்புக்கூட்டு அமைப்பையே) நகலெடுத்து, கடைசி போஸில் நிறுத்தி, கை தவறித் தேர்வாகாதபடி பூட்டிவைத்து வேலை செய்கிறேன். கொஞ்சம் முரட்டு வழிதான். ஓடுகிறது.

*

கையால் வரைகிற அனிமேஷன் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. லைட் டேபிளில் (அடியில் விளக்கெரியும் மேசையில்) அடித்தாள் தெரிய வரைந்து பழகியவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. கோஸ்ட் இடத்தைத்தான் காட்டும், வேகத்தைக் காட்டாது. டைமிங் பார்க்கும்போது அணைத்துவிடுங்கள், கண் ஏமாறும்.

*

அண்ணா, மாயாவில் அந்தக் கோடுகளாலான எலும்புக்கூடு ரெண்டரில் (இறுதிப் படத்தில்) வந்துவிடுமா?

*

வராது தம்பி. ஆனால் பிளேபிளாஸ்ட் (சட்டென எடுக்கும் முன்னோட்ட வீடியோ) வியூபோர்ட்டில் தெரிவதைத்தான் பிடிக்கும். அனுப்பும் முன் ஒருமுறை அணைத்துப் பார்த்துக்கொள்.