வயலின்–பியானோ இருவர் கச்சேரி: மேடையில் எது எங்கே சறுக்குகிறது?

தொடக்கப் பதிவு

பாடகர் இல்லை, ஆர்கெஸ்ட்ரா இல்லை. ஒரு வயலின், ஒரு கிராண்ட் பியானோ, அவ்வளவுதான். இந்த வகைக் கச்சேரியை மேடையிலோ மேடைக்கு மிக அருகிலோ இருந்து பழகியவர்கள் எழுதுங்கள். "அருமை, மெய்சிலிர்த்தது" வகை வேண்டாம். எது கெடும், ஏன் கெடும், என்ன செய்வது என்பது வேண்டும்.

வயலின் பக்கத்திலிருந்து

முதலில் சுருதி. வயலின்காரர் அடுத்தடுத்த தந்திகளைச் சுத்தமான ச–ப இடைவெளியில் சேர்ப்பார்: அதிர்வெண் விகிதம் 3:2, அதாவது 702 சென்ட் (பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே 100 சென்ட்). பன்னிரண்டு சுரங்களையும் சமமாகப் பங்கிட்ட பியானோவில் அது 700. வயலினின் தந்திகள் கீழிருந்து மேலாக ஜி, டி, ஏ, இ. ஏ தந்தியை மட்டும் பியானோவிடம் வாங்கி மிச்சத்தைக் காதால் சேர்த்தால் டி 2 சென்ட்டும் ஜி 4 சென்ட்டும் இறங்கி நிற்கும். இ 2 சென்ட் ஏறி நிற்கும். வேகமான இடங்களில் யாருக்கும் தெரியாது. திறந்த ஜி தந்தியை நீளமாக இழுக்கும்போது பியானோவும் அதே சுரத்தைப் பிடித்திருந்தால் ஒலி அலைபாயும். விரல் வைத்த சுரத்தை நகர்த்தித் திருத்தலாம். திறந்த தந்தியை என்ன செய்வது? அதனால் ஜி-யையும் பியானோவில் தட்டிச் சரிபார்த்து, ச–ப இடைவெளிகளை மயிரிழை அளவு குறுக்கிக்கொள்ள வேண்டும். ஏ-வை ஒற்றைச் சுரமாக வாங்குவதைவிட டி மைனர் கார்டோடு (ஒருசேர ஒலிக்கும் டி, எஃப், ஏ சுரங்கள்) சேர்த்து வாங்கினால் காது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

பியானோ பக்கத்திலிருந்து

எல்லாரும் முதலில் கை வைப்பது பியானோவின் மூடியில். அதை முட்டுக்கொடுத்து நிறுத்த நீளக் கம்பும் குட்டைக் கம்பும் உண்டு. "பியானோ சத்தம் அதிகம், குட்டைக் கம்பில் வையுங்கள்" என்பார்கள். அது பெரும்பாலும் தவறான வைத்தியம். மூடி தாழ்ந்தால் சுத்தியல் அடியின் பளிச்சென்ற மேல் ஒலிதான் அடங்குமே தவிர, கீழ்ஸ்தாயியின் கனம் குறையாது. சுரங்கள் தெளிவில்லாமல் போகவே, வாசிப்பவர் தன்னையறியாமல் இன்னும் அழுத்துவார்.

வயலினை மூடிப்போடுவது இடது கைதான். வயலினின் ஜி தந்தி இருக்கும் ஸ்தாயி பியானோவின் நடுப்பகுதி. அங்கே கார்டுகள் அடர்ந்து, ஒலியை நீட்டிக்கும் பெடலையும் நெடுநேரம் மிதித்திருந்தால் வயலின் காணாமல் போகும். இசையமைப்பாளர் ஃப்ராங்க் வயலினுக்கும் பியானோவுக்கும் எழுதிய ஏ மேஜர் சொனாட்டாவில் (பல பகுதிகள் கொண்ட இசைப்படைப்பு) இரண்டாம் பகுதி இதற்குச் சரியான சோதனை. பியானோ தனியாகக் கொந்தளித்துத் தொடங்கும். பிறகு அதே கருப்பொருளை வயலின் கீழ்ஸ்தாயியில் எடுக்கும். அந்த இடத்தில் பியானோ ஒரு படி இறங்காவிட்டால் வில் அசைவதுதான் தெரியும், கேட்காது. மூடி முழுக்கத் திறந்தே இருக்கட்டும். இடது கையைக் குறைத்து, பெடலை அடிக்கடி மாற்றுங்கள்.

ஒலிப்பதிவு மேசையிலிருந்து

மேலே சொன்னதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். 274 செ.மீ. கான்சர்ட் கிராண்டை நூறு பேர் உட்காரும் அறைக்குள் வைத்தால் இடது கை எவ்வளவு அடங்கினாலும் போதாது. அங்கே குட்டைக் கம்பு குற்றமில்லை.

நிற்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். பியானோவின் வளைவுக்குள் ஒட்டி நின்றால் திறந்த மூடியின் ஒலி முழுக்க வயலின்காரர் முதுகில் இறங்கும். தன் ஒலி தனக்கே கேட்காமல் வில்லை அழுத்துவார், தொனி கரகரக்கும். விசைப்பலகைப் பக்கமாக ஓரடி நகர்ந்தாலே வித்தியாசம் தெரியும், பியானோ வாசிப்பவருக்கு வில்லும் கண்ணில் படும். வயலினின் எஃப் துளைகள் (மேல் பலகையில் f வடிவில் இருப்பவை) அவையை நோக்கட்டும்: துணைவரைப் பார்க்க உடம்பை முழுக்கத் திருப்பினால் ஒலி மேடையின் பின்சுவருக்குப் போய்விடும், தலையை மட்டும் திருப்பினால் போதும். சமநிலையை மேடையிலிருந்து தீர்மானிக்காதீர்கள். அரங்கின் பின்பகுதியில் ஒருவரை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

வயலின் பக்கத்திலிருந்து

ஒன்றாகத் தொடங்குவதும் பலர் நினைப்பதைவிடக் கடினம். சுத்தியல் அடித்த கணத்திலேயே பியானோ பேசிவிடும். மென்மையாகத் தொட்ட வில் பேச ஒரு நொடிப்பொழுது பிடிக்கும். எண்ணிக்கை சரியாக இருந்தும் வயலின் தாமதமாகக் கேட்பது இதனால்தான். பியானோ வாசிப்பவர் வில் அசையும் தருணத்துக்கு அல்ல, தந்தி அதிரும் தருணத்துக்குக் கை வைக்கப் பழக வேண்டும். நான்கு தந்திக் கார்டுகளை இரண்டிரண்டாக உடைத்து இழுக்கும்போது, தாளத்தில் விழுவது கீழ் ஜோடியா மேல் ஜோடியா என்று ஒத்திகையிலேயே பேசிவிடுங்கள். மேல் ஜோடி என்று வைத்தால் பியானோவுக்குச் சேர எளிது.

ஃப்ராங்கின் கடைசிப் பகுதியில் வேறொரு பொறி. பியானோ முன்னே போக, அதே மெட்டை வயலின் ஒரு பார் (ஒரு தாளச் சுற்று) தள்ளித் தொடரும். சொற்றொடர் முடிந்ததென்று பியானோ இளைப்பாறினால், பாதி வழியில் இருக்கும் வயலின் தடுக்கி விழும்.

பக்கம் புரட்டுபவர்

பியானோ தாளில் இரண்டு பேரின் வரிகளும் இருக்கும். வயலின் தாளில் தன் வரி மட்டும். ஆகவே புரட்டல் பியானோவுக்குத்தான் அதிகம். இடப்பக்கம் சற்றுப் பின்தள்ளி உட்காருங்கள், எழுந்து நின்று, தாளின் மேல் மூலையை இடக்கையால் பிடித்துப் புரட்டுங்கள். கீழ் மூலையைப் பிடித்தால் கை விசைப்பலகையை மறைக்கும். 'ரிபீட்' எடுப்பார்களா (குறியிட்ட பகுதியை மறுபடி வாசிப்பார்களா) என்று முன்பே கேட்டுக் குறித்துக்கொள்ளாமல் மேடை ஏறாதீர்கள். டேப்லெட்டும் கால் பெடலும் வந்தபின் எங்கள் வேலை குறைந்தது, ஆனால் பெடலை இருமுறை மிதித்தால் இரண்டு பக்கம் ஓடிவிடும்.

தாள் பிரச்சினை புதிதல்ல. பீத்தோவனின் ஓபஸ் 47 (படைப்பு எண் 47) வயலின் சொனாட்டா 1803 மே 24 அன்று வியன்னாவில் அரங்கேறியபோது இரண்டாம் பகுதிக்கு வயலின் படி தயாராகவில்லை. வயலின் வாசித்த பிரிட்ஜ்டவர் பீத்தோவனின் கையெழுத்துப் படியையே எட்டிப் பார்த்து வாசித்தார். பின்னால் சமர்ப்பணம் மாறி, க்ரூட்சர் என்ற வேறொரு வயலின்காரர் பெயர் ஒட்டிக்கொண்டது. அவரோ அதை வாசிக்கவே இல்லை!

பியானோ பக்கத்திலிருந்து

அந்தச் சொனாட்டாவையும் ஃப்ராங்கையும் ஒரே மாலையில் போடாதீர்கள். இரண்டும் ஏ-யில், இரண்டும் பளு. பீத்தோவன் மட்டுமே 40 நிமிடத்தைத் தொடும். ஒன்றை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் டெபுஸியின் வயலின் சொனாட்டாவை வையுங்கள். 1917-ல் முடித்த அந்தச் சொனாட்டா கால் மணிக்குள் முடியும்.

இருவரும் சமம் என்பதைக் காதால் கேட்க வேண்டுமானால் சிகெட்டியும் (வயலின்) பார்டோக்கும் (பியானோ) 1940 ஏப்ரலில் வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் வாசித்த பதிவு இருக்கிறது; பீத்தோவன், டெபுஸி இரண்டுமே அதில் உண்டு. பியானோவை மட்டும் தொடர்ந்து ஒருமுறை கேளுங்கள், பிறகு வயலினை மட்டும்.