சென்சார் விளக்கு போட்டவர்கள் சொல்லுங்கள்

பெங்களூரு நண்பர்களுக்கு வணக்கம். கோரமங்களாவில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்பைப் பார்க்கிறேன். கரண்ட் பில்லைக் குறைக்க, ஆள் வந்தால் எரியும் சென்சார்களைப் போட்டோம். படிக்கட்டிலும் பாத்ரூமிலும் பிரமாதம். மீட்டிங் ரூமில்தான் வம்பு. நாங்கள் போட்ட பிஐஆர் (அகச்சிவப்பு) சென்சார் உடல்சூடு நகர்வதை மட்டுமே கண்டுகொள்ளும். லேப்டாப்பில் மூழ்கி அசையாமல் உட்கார்ந்தால் விளக்கு அணைந்துவிடுகிறது, உள்ளே இருப்பவர்கள் கையை ஆட்டுகிறார்கள்! அணையும் நேரத்தை 20 நிமிடமாக்கினால் காலி அறையில் வீணாக எரிகிறது. மைக்ரோவேவ் சென்சார் (நுண்ணலை அனுப்பி அசைவைப் பிடிப்பது) போடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். அது கண்ணாடித் தடுப்பைத் தாண்டி வராந்தாவில் போகிறவரையும் பிடிக்குமே? இரண்டும் சேர்ந்த சென்சாரை யாராவது போட்டிருக்கிறீர்களா? அப்புறம், ஜன்னலோர விளக்குகளை வெயிலுக்கேற்ப மங்கவைக்க டாலி டிரைவர்தான் (டிஜிட்டல் கட்டளைப்படி எல்இடி வெளிச்சத்தை மாற்றும் கருவி) வேண்டுமா, 0-10 வோல்ட் டிரைவர் (கட்டுப்பாட்டு வோல்டேஜைக் கூட்டிக் குறைத்து வெளிச்சத்தை மாற்றுவது) போதுமா? எஸ்.பி. ரோட்டில் நல்ல கடை தெரிந்தாலும் சொல்லுங்கள்.