‘அந்தக் காலத்துக்கு நல்ல படம்’ என்றால் எத்தனை மார்க்?

ராத்திரிக்காட்சி:

பழையரீல் நேற்று ‘ஒயிட் ஜாம்பி’ (1932) என்ற திகில் படத்துக்கு விமர்சனம் எழுதி ஐந்துக்கு நாலரை கொடுத்திருக்கிறார். காரணம் என்று பார்த்தால் ஒரே வரி: “அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம்.” அதை நம்பி உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடுகிற படம், அதற்குள்ளேயே கை தானாகக் கைப்பேசிக்குப் போய்விட்டது. வில்லனாக நடிக்கும் பெலா லுகோசி வரும்போது மட்டும் படத்துக்கு உயிர் வருகிறது. மற்றவர்கள் ஊமைப்படத்திலிருந்து அப்படியே எழுந்து வந்த மாதிரி புருவத்தாலும் கையாலும் நடிக்கிறார்கள். மனைவி செத்த துக்கத்தில் கதாநாயகன் குடித்துவிட்டுப் புலம்புகிற காட்சியில் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

இந்த ஒரு படத்தோடு முடிகிற பிரச்சினை இல்லை இது. விமர்சனம் படிப்பவர் 1932-இல் இல்லை. இன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கப் போகிறவர். அவருக்குப் பயம் வருமா? வராவிட்டால் வேறு என்ன கிடைக்கும்? அதைச் சொல்லுங்கள். வயதானவர் என்று பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பது போல படத்துக்கு மார்க் கொடுக்க முடியாது.

பழையரீல்:

கரும்பு ஆலைக் காட்சியைப் பார்த்தீர்களா, இல்லை அப்போதுதான் கைப்பேசியில் இருந்தீர்களா?

படம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கதை ஹைத்தியில் நடக்கிறது. செத்தவர்களை எழுப்பித் தன் சர்க்கரை ஆலையில் வேலைக்கு வைத்திருக்கிறான் லுகோசி. அடுத்தவனுக்கு நிச்சயமான பெண்ணை அடையத் துடிக்கும் பண்ணை முதலாளி ஒருவன் அவனிடம் உதவி கேட்டு வருகிறான். ஆலைக்குள் ஆட்கள் தலையில் கூடையோடு வரிசையாக நடக்கிறார்கள். கீழே சிலர் பெரிய மரச்சக்கரத்தைத் தள்ளிச் சுற்றுகிறார்கள். வரிசையில் ஒருவன் தடுமாறி அரவைக்குள் விழுகிறான். கத்தவில்லை. பின்னால் வருகிறவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சக்கரமும் நிற்கவில்லை. இசை கிடையாது, மரத்தோடு மரம் உரசும் ‘கிரீச்’ மட்டும்தான். அவன் விழுவதற்கு முன்னால் இருந்த அதே சத்தம், அதே வேகம், விழுந்த பிறகும்.

‘தி ஜாஸ் சிங்கர்’ வந்தது 1927 அக்டோபரில். அதாவது திரையில் ஆட்கள் பேச ஆரம்பித்து ஐந்து வருடம்கூட முழுசாக ஆகவில்லை. சத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பெரிய கம்பெனிகளே திணறிக்கொண்டிருந்த நேரம். ‘ஒயிட் ஜாம்பி’யை எடுத்த ஹால்பெரின் சகோதரர்களிடம் பணமும் இல்லை, சொந்த செட்டும் இல்லை. யுனிவர்சல் ஸ்டுடியோவில் வேறு படங்களுக்குப் போட்டிருந்த செட்டுகளை வைத்து ஒப்பேற்றினார்கள். இதையெல்லாம் சொல்லாமல் எப்படி மார்க் போடுவது?

ராத்திரிக்காட்சி:

காட்சி பிரமாதம், மறுக்கவே இல்லை. ஆனால் நீங்களே பாருங்கள். முதல் பாதியில் எழுதியது விமர்சனம். அதைப் படித்தால் இன்றைக்கும் முதுகு சில்லிடுகிறது, அதற்கு எந்த வருடத்தின் சிபாரிசும் வேண்டாம். இரண்டாவது பாதி வெறும் தகவல். தகவலுக்கு மார்க் கிடையாது. கடன் வாங்கிய செட்டில் எடுத்த மோசமான படங்களும் ஏராளமாக இருக்கின்றன.

ஒரே காட்சிக்காக நாலரையா? மிச்சப் படத்தை யார் பார்ப்பது?

மாலதி:

இரண்டு பேரும் ஆலையைச் சுற்றியே வருகிறீர்கள், உள்ளே வேலை பார்க்கிறவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஹைத்தி 1915 முதல் 1934 வரை அமெரிக்க ராணுவத்தின் பிடியில் இருந்தது. அந்தச் சமயத்தில் அங்கே போய்வந்த வில்லியம் சீப்ரூக் 1929-இல் எழுதிய புத்தகம்தான் ஜாம்பியை அமெரிக்காவில் பரவலாக்கியது. அதில் வருகிற ஜாம்பிகள் யாரையும் கடிப்பதில்லை, கரும்புத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறார்கள். அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகளுக்கு, செத்தாலும் முதலாளியிடமிருந்து விடுதலை இல்லை என்பதைவிட வேறென்ன பெரிய பயம் இருக்க முடியும்? படம் அந்தப் பயத்தை ஆலையில் காட்டுகிறது, அதோடு மறந்துவிடுகிறது. அதற்கப்புறம் முழுக்க ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு இப்படி ஆகிவிட்டதே என்ற பதற்றம்தான். ‘அந்தக் காலத்துக்கு’ என்று பாராட்டுகிறவர் அந்தக் காலத்தின் இந்தப் பக்கத்தையும் எழுத வேண்டாமா?

பதினோரு வருடம் கழித்து வந்த ‘ஐ வாக்ட் வித் எ ஜாம்பி’யை (1943) பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வால் லூட்டன் தயாரிப்பு, ழாக் டூர்னர் இயக்கம். ஆர்.கே.ஓ. நிறுவனம் லூட்டன் கையில் தலைப்பைக் கொடுத்து, அதற்கேற்ப சிக்கனமாகப் படம் எடு என்று சொல்லிவிட்டது. அவர் ‘ஜேன் அயர்’ கதையைக் கரீபியன் தீவு ஒன்றுக்குக் கொண்டுபோனார். வேலைக்கு வந்திறங்கும் நர்ஸிடம் வண்டிக்காரர், எங்கள் முன்னோரைக் கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியில் கட்டிக் கொண்டுவந்தார்கள் என்கிறார். அவளோ, எவ்வளவு அழகான இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்கிறாள்! ‘நீங்கள் சொன்னால் சரி அம்மா’ என்கிற தோரணையில் அவர் பதில் சொல்லிவிட்டு வண்டியை ஓட்டுகிறார். ஒரு ஜாம்பிகூட அதுவரை வரவில்லை, எனக்கு அங்கேயே வயிற்றைப் பிசைந்துவிட்டது. அப்புறம் ராத்திரியில் கரும்புக் காட்டுக்குள் அந்த நடை இருக்கிறது. காற்றின் ஓசை, தொங்கவிட்ட ஆட்டின் உடல், வழியில் கண் இமைக்காமல் நிற்கிற அந்த நெட்டை மனிதன் கார்ஃபூர். அவன் ஒன்றுமே செய்வதில்லை. நிற்கிறான், அவ்வளவுதான்.

இதற்கு ஐந்துக்கு ஐந்து. எந்தக் காலத்துக்கும்.

குருட்டுப்பூனை:

பெரியவர்கள் பேச்சில் மூக்கை நுழைப்பதற்கு மன்னிக்கவும். நிற்கிறான், நடக்கிறான், விழுகிறான்... இதற்கு நான் எப்படிப் பயப்படுவது? காலில் சுளுக்கு இருந்தாலும் இந்த ஜாம்பிகளிடமிருந்து தப்பித்துவிடலாம். ‘28 டேஸ் லேட்டர்’ (2002) வந்து துரத்தி ஓடவிட்ட பிறகுதான் இந்த வகைப் படமே விழித்துக்கொண்டது. அதற்கு முந்தையது எல்லாம் தாலாட்டு.

பழையரீல்:

ஓட்டம் 2002-இல் பிறக்கவில்லை. ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி லிவிங் டெட்’ (1985) படத்திலேயே ஓடியாகிவிட்டது. இன்னும் பின்னால் போங்கள். ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968). கல்லறைத் தோட்டத்தில் வருகிற முதல் ஆள் பார்பராவை விரட்டிக்கொண்டு வருகிறான். அவள் காருக்குள் புகுந்து பூட்டிக்கொண்டதும் கீழே கிடக்கிற கல்லை எடுத்துக் கண்ணாடியை உடைக்கிறான். கல்லைத் தேடி எடுக்கிறான், கவனியுங்கள். மெதுவாக வந்தாலும் பயம் குறையவில்லை. அவர்களுக்கு அவசரமே இல்லை, நமக்குத்தான் ஒளிய இடமில்லை.

ராத்திரிக்காட்சி:

நல்லவேளை அந்தப் படத்தை எடுத்தீர்கள். என் கட்சிக்கு அதுதான் சாட்சி. சுமார் 1,14,000 டாலரில் பிட்ஸ்பர்க் பக்கம் எடுத்தது, ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப், இசை நூலகத்தில் கிடைத்த பழைய ட்யூன்கள். இது எதையும் சொல்லாமலே நான் அதற்கு ஐந்து கொடுப்பேன்.

(படம் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

பிணங்கள் சூழ்ந்த வீட்டுக்குள் ராத்திரி முழுக்கப் போராடிய கதாநாயகன் பென் விடிந்ததும் ஜன்னல் ஓரம் வருகிறான். தேடி வந்த துப்பாக்கிக் கூட்டம் அவனையும் பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. அதன் பிறகு படம் நகர்வதில்லை. பத்திரிகைப் புகைப்படம் போலப் பொரிப்பொரியான அசையாப் படங்கள், கொக்கிகள், இழுத்துப் போகப்படும் உடல், விறகு. பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். படத்தில் ஒருவர்கூட அதைப் பற்றி வாய் திறப்பதில்லை, கடைசிப் படங்கள் பேசிவிடுகின்றன. இதைப் புரிந்துகொள்ள 1968-இன் செய்தித்தாள் வேண்டியதில்லை.

இன்னொன்று, கூப்பர் சொன்னதுதான் சரி. எல்லோரும் நிலவறைக்குப் போய்க் கதவை அடைத்துக்கொள்ளலாம் என்று ஆரம்பத்திலிருந்து கத்துகிற எரிச்சலூட்டும் ஆள். அது எலிப்பொறி என்று பென் எதிர்க்கிறான். கடைசியில் பென் உயிரோடு விடியலைப் பார்ப்பதே நிலவறையில் ஒளிந்ததால்தான். கதாநாயகனைத் தோற்கடித்து, சண்டைக்காரனுக்குச் சரி போட்ட படம்.

பழையரீல்:

கூப்பர் சரியா! கடிபட்ட மகளை எங்கே படுக்க வைத்திருந்தார்கள்? அதே நிலவறையில். அவள் எழுந்து கொத்துக்கரண்டியால் அம்மாவைக் குத்துவது எங்கே? அதே நிலவறையில். எல்லோரும் முதலிலேயே கீழே போய்க் கதவை அடைத்திருந்தால் அவளோடு சேர்ந்துதான் அடைபட்டிருப்பார்கள்.

ராத்திரிக்காட்சி:

ஒரு சிறுமியை ஆறேழு பேர் சமாளிக்க மாட்டார்களா?

மாலதி:

அந்த ஆறேழு பேரில் பார்பராவையும் சேர்த்துக்கொண்டீர்களா? பாதிப் படத்துக்கு மேல் சோபாவில் வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இன்று பார்க்கிறவருக்கு எப்படி இருக்கும் என்பதுதானே உங்கள் அளவுகோல்? இன்று பார்க்கும் எனக்கு அது எரிச்சல். ‘ஒயிட் ஜாம்பி’ கதாநாயகனின் புலம்பல் நடிப்புக்கு மார்க் குறைத்தீர்கள். இவளுக்கு மட்டும் ஏன் சலுகை?

ராத்திரிக்காட்சி:

சலுகை இல்லை. அண்ணன் கண்ணெதிரே செத்ததைப் பார்த்த பெண் அடுத்த நிமிடமே சுத்தியல் எடுத்துப் பலகை அடித்தால்தான் எனக்கு எரிச்சல் வரும்.

நெகட்டிவ்:

இவ்வளவு நேரம் சண்டை போடுகிறீர்கள், யார் எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. பழைய படத்தில் பாதி அபிப்பிராயம் பிரதியிலிருந்து வருவது.

‘நாஸ்ஃபெராட்டு’ (1922) உதாரணம். அந்தக் கால பிலிமில் இரவில் வெளியே எடுப்பது கஷ்டம். இயக்குநர் முர்னாவ் பகலில் எடுத்து, இரவுக் காட்சிகளுக்கான பிலிமை நீலச் சாயத்தில் முக்கினார். பிற்காலத்தில் சுற்றிய பல பிரதிகளில் சாயம் இல்லை, வெறும் கறுப்பு வெள்ளை. அதில் ஓர்லோக் பட்டப்பகலில் சவப்பெட்டியைக் கட்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊருக்குள் நடக்கிறான்! சூரிய ஒளி பட்டால் சாகிற காட்டேரி! அதைப் பார்த்துச் சிரித்து எழுதப்பட்ட விமர்சனங்களை நான் படித்திருக்கிறேன். ‘டிராகுலா’ நாவலை அனுமதி வாங்காமல் படமாக்கிவிட்டார்கள் என்று அதை எழுதிய ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு எல்லாப் பிரதியையும் அழிக்கச் சொல்லி நீதிமன்ற உத்தரவு வாங்கியதையும் தாண்டித் தப்பித்த படம், கடைசியில் சாயம் போய் மானம் போயிற்று.

‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ (1931) இன்னும் விசேஷம். ஏரிக்கரையில் சிறுமியோடு பூ எறிந்து விளையாடுகிற அந்த உருவம், பூ தீர்ந்ததும் அவளும் மிதப்பாள் என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறது. தூக்கிப் போடுகிற இடத்தைக் காட்ட வேண்டாம் என்று வெட்டினார்கள். மிஞ்சிய பிரதியில் அது கையை நீட்டுகிறது, அடுத்து அப்பா பிணத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார். நடுவில் நடந்ததைப் பார்வையாளர் இஷ்டத்துக்குக் கற்பனை செய்துகொண்டார். அறியாமல் செய்த செயல் வக்கிரமாகிவிட்டது. வெட்டியதை 1980களில்தான் மறுபடி சேர்த்தார்கள்.

‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ கதை தெரிந்திருக்கும். விநியோகஸ்தர் தலைப்பை மாற்றும்போது காப்புரிமை அறிவிப்பு விட்டுப்போய், யார் வேண்டுமானாலும் பிரதி போடலாம் என்றாகிவிட்டது. அதனால்தான் கரித்துணி போன்ற பிரதிகள் ஊரெல்லாம். அசல் நெகட்டிவிலிருந்து எடுத்த சுத்தமான பிரதி 2016-இல் வந்தது. முகங்களில் வியர்வை தெரிகிறது. ‘ஒயிட் ஜாம்பி’யும் அதே மாதிரி உரிமையாளர் இல்லாத படம்தான். ராத்திரிக்காட்சி, நீங்கள் எதில் பார்த்தீர்கள்?

ராத்திரிக்காட்சி:

சுமாரான பிரதிதான். சத்தம் மழை போல இரைந்தது. சரி, விமர்சனத்தின் முதல் வரியில் பிரதி விவரம் போட வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் சுத்தமான பிரதி புலம்பல் நடிப்பைக் குறைக்காது, தெளிவாகக் காட்டும்.

குருட்டுப்பூனை:

‘டிராகுலா’வை (1931) யாராவது சுத்தமான பிரதியில் பார்த்திருக்கிறீர்களா? கோட்டைக்குள் எலிகள் ஓட வேண்டிய இடத்தில் ஆர்மடில்லோ ஓடுகிறது. தென்னமெரிக்க விலங்குக்கு டிரான்சில்வேனியாவில் என்ன வேலை? அந்த ஒரு காரணத்துக்காகவே நான் முழுப் படமும் பார்த்தேன்.

பழையரீல்:

பூனை, ஒருவழியாக ஒரு பழைய படத்தை முழுசாகப் பார்த்தீர்கள், மகிழ்ச்சி.

ராத்திரிக்காட்சிக்காக என் விமர்சனத்தைத் திருத்தி எழுதுகிறேன், வருடத்தை இழுக்காமல்: “நல்ல பிரதியைத் தேடிப் பிடியுங்கள். காதல் ஜோடி வரும் இடங்களில் பொறுமை வேண்டும். லுகோசி இரண்டு கைகளையும் கோத்து இறுக்கும்போதெல்லாம் யாரோ ஒருவரின் சுயபுத்தி போகிறது, கையைக் கவனியுங்கள். ஆலைக் காட்சியில் ஒலியைக் கூட்டி வையுங்கள்.” மார்க் நாலரைதான்.

ராத்திரிக்காட்சி:

இந்த விமர்சனத்தைப் படித்திருந்தால் முதல் நாளே கைப்பேசியைத் தள்ளி வைத்திருப்பேன். ஆனால் பொறுமை வேண்டும் என்று நீங்களே எழுதிய படத்துக்கு எப்படி நாலரை? மூன்று. ஆலைக்காக இன்னொரு கால் வேண்டுமானால் சேர்க்கலாம்.

மாலதி:

மூன்றேகால் கொடுங்கள், நாலரை கொடுங்கள். ஆலையில் வேலை செய்கிறவர்களைப் பற்றித் திருத்திய விமர்சனத்திலும் ஒரு வரி இல்லை, பழையரீல்.