பழைய காருக்கு பிரேக் சாமான் தேடியவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

சென்னை, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு

நானே ஆரம்பிக்கிறேன். ஹெரால்டு நம்ம ஊர்க் கார். 1961 முதல் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் இதைப் பெருங்களத்தூர் பக்கம்தான் செய்தது. அப்படியும் பின் சக்கர பிரேக் சாமானுக்கு இன்றைக்கு இங்கிலாந்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முன்பக்கம் 8 இஞ்ச் டிரம், பின்பக்கம் 7 இஞ்ச். எல்லாம் கர்லிங் என்ற பிரிட்டிஷ் பிரேக் கம்பெனியின் வடிவமைப்பு. தலைவலி பின்பக்கம்தான். பிரேக் எண்ணெயின் அழுத்தத்தால் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரை அங்கே போல்ட் போட்டு இறுக்குவதில்லை. டிரம்முக்குப் பின்னால் உள்ள பேக் பிளேட் தகட்டின் பள்ளத்தில் அது முன்னும் பின்னும் நகர வேண்டும். அப்போதுதான் லைனிங் ஒட்டிய வளைந்த தகடுகளான இரண்டு ஷூவும் டிரம்மைப் பிடிக்கும். துரு ஏறி உறைந்துவிட்டால் ஒரு ஷூ மட்டுமே வேலை செய்யும். சிலிண்டரைத் தாங்குவது மெல்லிய தகட்டு கிளிப்புகள். கழற்றும்போது வளைந்துவிட்டால் திரும்ப நேராக வராது. புதுப்பேட்டையில் சிலிண்டர்கூடக் கிடைத்தது, கிளிப் கிடைக்கவில்லை. யாரும் அதைப் பத்திரப்படுத்துவதில்லை போலும்.

ஜி.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர் மேல் தட்டிலிருந்து தூசி படிந்த பெட்டியை இறக்கி, "ஒரிஜினல் சார், சீல்கூடப் பிரிக்கலை" என்றார். உள்ளே சிலிண்டர் பளபளவென்றுதான் இருந்தது. ரப்பர் வாஷரை நகத்தால் அழுத்தினேன், பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போயிருந்தது. பிரிக்காத பெட்டியிலும் ரப்பருக்கு வயசாகும். உலோகத்துக்கு மட்டும் விலை பேசி வாங்கிக்கொண்டு, ரப்பரைத் தூக்கிப் போட்டேன்.

கடைசியில் கிளிப்பும் ரப்பர் கிட்டும் பிரிட்டனிலிருந்துதான் வந்தன. அங்கே ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், விட்டெஸ் எல்லாம் ஹெரால்டின் உறவுக்காரர்கள். அவற்றை ஓட்டுபவர்கள் இன்னமும் ஏராளம் என்பதால் சாமான் இப்போதும் தயாராகிறது. சாமான் விலை பரவாயில்லை. அனுப்பும் செலவும் சுங்கமும்தான் கடிக்கும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைப்பது நல்லது.

கோயம்புத்தூர், லேண்ட்மாஸ்டர்

அம்பாசடர் 2014 வரை வந்த வண்டி, அதற்குச் சாமான் பஞ்சமே இல்லை. அதன் அண்ணன் லேண்ட்மாஸ்டர் என்றால் கதை வேறு. கடையில் வண்டிப் பெயரைச் சொன்னாலே சிரிக்கிறார்கள். அதனால் நான் பெயர் சொல்வதையே விட்டுவிட்டேன். பழைய சிலிண்டரைக் கையில் எடுத்துப் போய், உள்விட்டம் இவ்வளவு, இதற்கு வாஷர் கொடுங்கள் என்றுதான் கேட்பேன். பல நேரம் ஏதாவது ஒரு வேன் அல்லது டிராக்டர் கிட்டில் பொருந்துவது கிடைக்கும். ஆனால் விட்டத்தைத் துல்லியமாக அளக்கும் வெர்னியர் இல்லாமல் போகாதீர்கள். முக்கால் இஞ்ச் என்பது 19.05 மில்லிமீட்டர். 20 மில்லிமீட்டர் வாஷர் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும், திணித்தால் உள்ளேயும் போகும். போனபின் மாட்டிக்கொண்டு பிரேக் விடாது.

சிலிண்டர் உள்ளே குழி விழுந்திருந்தால் வெறும் உப்புத்தாள் தேய்த்துச் சமாளிக்க நினைக்காதீர்கள். எங்கள் ஊரில் லேத்துக்கு என்ன குறை! போரை, அதாவது உள்துளையைப் பெரிதாக்கி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயை ஸ்லீவாக இறக்கி, பழைய அளவுக்கே திரும்ப ஹோன் செய்து, அதாவது வழவழப்பாகத் தேய்த்துத் தந்தார்கள். வெளியே அதே பழைய வார்ப்பு, உள்ளே துருப்பிடிக்காத சுவர். பெடலை அழுத்தும்போது எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு இதைச் செய்யும்போது ஒரு விஷயம். எண்ணெய் திரும்பிப் போகும் குட்டித் துளையை ஸ்லீவிலும் சரியான இடத்தில் போட்டு, அதன் விளிம்பில் பிசிறு இல்லாமல் எடுக்கச் சொல்லுங்கள். துளை அடைபட்டால் பிரேக் பிடித்தபடியே நிற்கும். பிசிறு இருந்தால் வாஷரைச் சீவிவிடும்.

யாழ்ப்பாணம், மொரிஸ் மைனர்

சென்னை அண்ணைக்கு வணக்கம். சண்டைக் காலத்தில பெற்றோல் இல்லாமல் எங்கட பக்கம் மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் மண்ணெண்ணெயில ஓடினது எல்லாருக்கும் தெரியும். எஞ்சினை அப்படி ஏமாற்றலாம், பிறேக்கை ஏமாற்றேலாது.

மைனரில மாஸ்டர் சிலிண்டர் சாரதியின்ர காலுக்குக் கீழே, சட்டத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கு. கார்ப்பெற்றைத் தூக்கி, தரையில இருக்கிற மூடியைத் திறந்துதான் பிறேக் எண்ணெய் விட வேணும். கண்ணில படாததால பல பேர் பார்க்கிறதே இல்லை. அதைக் கழற்றப் போனால் இன்னொரு வில்லங்கம்: போல்ட்டை இழுத்தால் முன் சக்கரத்துக்கு ஸ்பிறிங் மாதிரி வேலை செய்யிற ரோர்ஷன் பார் கம்பி குறுக்க நிற்கும். அதை இறக்கினால்தான் போல்ட் வெளியில வரும்.

சாமானுக்கு நான் வாகனச் சாமான் கடையள் இருக்கிற கொழும்பு பஞ்சிகாவத்தைக்குத்தான் போறனான். அங்க கேட்கிற முதல் கேள்வி, எந்த வருச வண்டி எண்டுதான். 1962இல 1098 சிசி எஞ்சின் வந்தபோது முன் டிரம் 7 இஞ்சியில இருந்து 8 இஞ்சியாகிப் போட்டுது. புத்தகத்தில உள்ள வருசத்தை நம்பாமல் டிரம்மை அளந்துகொண்டு போங்கோ. இத்தனை வருசத்தில யார் எதை மாற்றிப் பூட்டினது எண்டு ஆருக்குத் தெரியும்!

மதுரை, பழைய மெக்கானிக்

தம்பிகளா, எல்லாரும் சிலிண்டரைப் பேசுகிறீர்கள், பைப்பை விட்டுவிட்டீர்கள். ஃபியட், பத்மினி எல்லாம் மில்லிமீட்டர் மரை. இங்கிலாந்து வண்டிகளில் பெரும்பாலும் இஞ்ச் மரை. 3/8 இஞ்ச் நட்டை 10 மில்லிமீட்டர் துளையில் விட்டால் லூசாக உள்ளே போகும், இறுகிய மாதிரியும் தெரியும். அழுத்திப் பிரேக் பிடிக்கும் அன்றைக்குத்தான் மரை பிய்ந்துகொண்டு வரும். இந்தக் கார்களில் ஒரே லைன்தான். ஒரு இடத்தில் ஒழுகினால் நாலு சக்கரமும் போச்சு. இன்றைய கார் மாதிரி பாதி பிரேக் மிச்சம் இருக்காது.

அப்புறம் ஹோஸ். வெளியே புதுசு மாதிரி இருக்கும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். பெடலை அழுத்தினால் எண்ணெய் போகும், விட்டால் திரும்பாது. சக்கரம் சூடாகிறது என்று சிலிண்டரை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். முதலில் ஹோஸை மாற்றுங்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும், ஏர் அடித்து டிரம்மைச் சுத்தம் செய்யாதீர்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

திருச்சி, பத்மினி

ஐயா, சிலிக்கோன் பிரேக் ஆயில் ஊற்றலாமா? பெயின்ட்டைத் தின்னாது என்கிறார்கள்.

மதுரை, பழைய மெக்கானிக்

டாட் 5 தான் சிலிக்கோன். தண்ணீரை உறிஞ்சாது, பெயின்ட்டையும் கெடுக்காது, உண்மை. ஆனால் பழைய ஆயிலோடு கலக்கக் கூடாது. எல்லா ரப்பரும் புதுசாகப் போட்டு, பைப்பைக் கழுவிக் காயவைத்த பிறகென்றால் சரி. 5.1 என்று எழுதியிருப்பது வேறு, அது சாதாரண கிளைக்கால் வகை. கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், டப்பாவைப் படித்து வாங்குங்கள். என்னைக் கேட்டால் டாட் 4 ஊற்றி, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

சென்னை, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு

நன்றி ஐயா. பார்சலில் பின் சிலிண்டர் கிளிப் ஒரு செட் கூடுதலாக வந்திருக்கிறது. ஹெரால்டு, அதன் வழியில் இங்கே வந்த ஸ்டாண்டர்ட் கேஸல் வைத்திருப்பவர்கள் யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள். கேஸலுக்குப் பொருந்துமா என்பதை மட்டும் பழைய கிளிப்போடு வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.