டிரஸ்ட்டாக நடத்தும் ஹோம் நர்சிங்கைக் கம்பெனியாக மாற்றலாமா?

தண்டையார்பேட்டை குமரன்:
வணக்கம். 11 வருடமாகக் காசிமேடு, ராயபுரம் பக்கம் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கிறோம். புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, யூரின் டியூப் மாற்றுவது, பக்கவாதக்காரர்களுக்குப் பயிற்சி கொடுப்பது. முடிந்தவர்கள் 200 ரூபாய் தருவார்கள், முடியாதவர்கள் ஒரு டீ. இப்போது நன்கொடை வற்றிவிட்டது, போன மாதம் சிஸ்டர்களுக்குப் பாதிச் சம்பளம்தான். ஒருத்தர் பணம் போட ரெடி, ஆனால் பிரைவேட் லிமிடெட் ஆனால்தான் என்கிறார். நன்கொடை தருபவர்களுக்கு வரிச்சலுகை கிடைக்கும் 80ஜி அனுமதி இருக்கிறது. நன்கொடையில் வாங்கிய ஒரு வேன், ஆறு கட்டில். அப்படியே மாற்ற முடியுமா?

மண்ணடி ஆடிட்டர்:
முடியாது தம்பி. லாப நோக்கில்லாத 8-ஆம் பிரிவுக் கம்பெனியாக இருந்தால் தீர்மானம் போட்டு, மத்திய அரசின் கம்பெனித் துறை ரீஜனல் டைரக்டரிடம் அனுமதி வாங்கி மாறலாம். டிரஸ்ட்டுக்கு அந்த வழி இல்லை. கலைத்துவிட்டுச் சொத்தைக் கம்பெனிக்குக் கொடுத்தால், 2016-ல் கொண்டுவந்த விதிப்படி சொத்தின் சந்தை மதிப்பில் கடனைக் கழித்து மீதிக்கு உச்ச விகிதத்தில் வரி கட்டணும். வேன் உங்களுடையது இல்லை, அதை மறக்காதீர்கள். கம்பெனியைத் தனியாகத் தொடங்குங்கள், டிரஸ்ட் பாட்டுக்கு இருக்கட்டும். வேனைக் கம்பெனிக்கு விட்டால் சரியான வாடகை வாங்குங்கள், அதுவும் உங்கள் ஆட்களே நடத்தும் கம்பெனிக்குச் சலுகை காட்டினால் அந்தச் சலுகை அளவுக்கு டிரஸ்ட்டின் வரிவிலக்கு போய்விடும்.

ராயபுரத்துப் பேரன்:
அமெரிக்காவில் லாபக் கம்பெனிகள் ஹோம் நர்சிங்கில் குவிந்ததற்குக் காரணம் மெடிகேர், அதாவது முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு. 1980-ல் வந்த சட்டத்துக்கு அப்புறம் அவர்களுக்குக் கதவு அகலமாகத் திறந்தது. அங்கே பில்லை அரசாங்கம் கட்டுகிறது. இங்கே யார் கட்டுவது, வலை பின்னுகிறவரின் மருமகளா? உங்கள் முதலீட்டாளரிடம் இதைக் கேட்டீர்களா?

சிஸ்டர் மேரி:
நான் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் இருந்தேன். ஒரு நாளைக்கு எட்டு வீடு கணக்கு. முதுகில் உள்ளங்கை அளவு புண், மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது, உப்புத்தண்ணீரில் நனைத்து நனைத்து ஒட்டின துணியை எடுக்கவே முக்கால் மணி ஆகும். அதற்குள் போன் மேல் போன். கடைசியில் இழுத்து எடுக்கத்தான் தோன்றும். குமரன் அண்ணே, பிரஷர், சுகர் மாத்திரைக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் 2021-லிருந்து வீட்டுக்கே வருகிறார்கள், அதை அவர்களிடம் விட்டுவிட்டுக் கட்டு, டியூப் மட்டும் வைத்துக்கொண்டால் செலவு குறையுமே.

தண்டையார்பேட்டை குமரன்:
நன்றி சார், சிஸ்டர். டிரஸ்ட் டீடை (பத்திரத்தை) எடுத்துப் பார்த்தேன், சொத்தை விற்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை டிரஸ்டிகளைக் கூப்பிட்டிருக்கிறேன். பணம் போடுகிறவரும் வருகிறார், மூன்றாம் மாடிக்கு ஒரு நடை கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன்.