சென்சார் இரண்டு தளத்திலும் ஒரே சூடு காட்டுகிறது, அம்மாவுக்கு மாடியில் மட்டும் தாங்கவில்லை. கோளாறு எங்கே?

வைகைக்கரை:
வணக்கம். மதுரையில் எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு மாடி, அதற்கு மேல் வெறும் மொட்டை மாடி. மாடி அறையில் படுக்கும் அம்மாவுக்கு 71 வயது. ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள சின்ன சர்க்யூட் போர்டில், சூடும் ஈரப்பதமும் அளக்கும் டிஎச்டி22 சென்சார் இணைத்து இரண்டு தளத்திலும் வைத்தேன். இரவு 9 மணிக்குக் கீழே 33.6, மேலே 34.1. ஈரப்பதமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கீழே நிம்மதியாக இருப்பவர், மேலே போன பத்தாவது நிமிடம் முந்தானையால் விசிற ஆரம்பித்துவிடுகிறார். சென்சார்களை இடம் மாற்றியும் பார்த்துவிட்டேன், அதே கணக்குதான்.

சால்டரிங்:
சென்சார் போர்டை ஒட்டி இருக்கிறதா? வைஃபை ஓடும்போது சிப் சூடாகும், அளவு ஏறும். ஒயர் விட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள். டிஎச்டி22-க்கே அரை டிகிரி பிழை உண்டு, அந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்காதீர்கள்.

வைகைக்கரை:
தள்ளித்தான் இருக்கிறது. பெட்டிக்குள்ளும் இல்லை.

கொத்தனார்மகன்:
அம்மா "புழுங்குது" என்கிறாரா, "அனலடிக்குது" என்கிறாரா?

வைகைக்கரை:
அனல் என்றுதான் சொல்கிறார். "தலைக்கு மேல அடுப்பு இருக்கிற மாதிரி."

கொத்தனார்மகன்:
அப்படியானால் சென்சாரும் சரி, அம்மாவும் சரி. டிஎச்டி22 அளப்பது காற்றின் சூட்டையும் ஈரத்தையும் மட்டும். பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் கூரை இரவில் அந்தச் சூட்டைக் கதிராகக் கீழே விடுகிறது. கட்டிலில் நின்று உள்ளங்கையைக் கூரைப் பக்கம் காட்டுங்கள், தொடாமலே சுடும். மனிதர் உணரும் சூட்டுக்கு ஆறு காரணங்கள் என்று டென்மார்க் ஆய்வாளர் ஃபாங்கர் 1970-இல் கணக்குப் போட்டார்: காற்றின் சூடு, கதிர்ச்சூடு, காற்றோட்டம், ஈரப்பதம், உடுப்பு, உடல் உழைப்பு. உங்களிடம் இரண்டுதான் இருக்கிறது.

கதிரை அளக்க 1930-களிலேயே வெர்னன் என்ற ஆய்வாளர் 15 செ.மீ. செப்புக் கோளத்துக்குக் கறுப்பு பூசி, நடுவில் வெப்பமானி வைத்தார். நமக்கு 40 மி.மீ. டேபிள் டென்னிஸ் பந்து போதும். மங்கிய கறுப்புப் பெயின்ட் அடித்து, சின்ன ஓட்டை போட்டு, டிஎஸ்18பி20 என்ற சின்ன வெப்ப சென்சாரை நடுவில் நிறுத்தி ஓட்டையை அடையுங்கள். டேட்டா ஒயருக்கு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் மறக்க வேண்டாம். சுவரை ஒட்டாமல், கட்டில் உயரத்தில் தொங்கவிடுங்கள்.

வைகைக்கரை:
செய்தேன். பந்து 34.6, காற்று 34.1. பெரிய வித்தியாசமே இல்லையே?

கொத்தனார்மகன்:
ஃபேன் ஓடுகிறதா? சின்னப் பந்தைக் காற்று சீக்கிரம் தன் சூட்டுக்கு இழுத்துவிடும். ஃபேனை நிறுத்தி இருபது நிமிடம் கழித்துப் பாருங்கள்.

வைகைக்கரை:
அம்மாவைக் கீழே உட்காரவைத்துவிட்டுப் பார்த்தேன். மேலே பந்து 36.2, காற்று 34.2. கீழே பந்து 33.8, காற்று 33.6!

கொத்தனார்மகன்:
அதுதான் அந்த அடுப்பு. காற்றோட்டம் விநாடிக்கு 0.1 மீட்டர் என்று வைத்தால், மேலே கதிர்ச்சூடு 38 வாக்கில் வரும். உடம்பு உணர்வது காற்றுக்கும் அதற்கும் நடுவில், அதாவது 36.

மருந்துச்சீட்டு:
ஒன்று சேர்க்கிறேன். வயதானவர்களுக்கு வியர்ப்பதும் குறைவு, தாகமும் சரியாகத் தெரியாது. பந்து குறைவாகக் காட்டினாலும் அவர் வாய்விட்டுச் சொல்வதை முதலில் கேளுங்கள். பேச்சு குழறினாலோ தடுமாறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

வைகைக்கரை:
நன்றி. இன்றே அம்மாவின் கட்டிலைக் கீழே இறக்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வருகிறார். பந்து அதே இடத்தில் தொங்குகிறது, அளவு வந்ததும் இங்கே போடுகிறேன்.